அட்டை என் பெயரில், மண்வெட்டி யார் கையில்?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. அப்பா காலமான பிறகு பட்டா என் பெயருக்கு மாறியது. பயிர் செய்பவர் குத்தகைக்காரர். அப்பா காலத்திலிருந்தே அவர்தான். முன்பெல்லாம் குத்தகை நெல்லாக வரும், வீட்டு ரேழியில் மூட்டை அடுக்குவார்கள். இப்போது வருடத்துக்கு ஒரு தரம் பணமாக வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. நமக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு அந்த ஒரு வரியோடு சரி. நம் சங்கத்து உறுப்பினர்களில் இப்படி இருப்பவர்கள் என்னைத் தவிர இன்னும் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஊரிலிருந்து சித்தப்பா மகன் ஓர் அட்டையைப் படம் பிடித்து அனுப்பினான். அரசாங்கத்தின் மண்வள அட்டை, என் பெயர் போட்டு வந்திருந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ், போரான், அங்ககக் கரிமம், கார அமில நிலை, உப்பின் அளவு என்று 12 அளவுகள். கூடவே எந்த உரம் எவ்வளவு போடவேண்டும் என்ற சிபாரிசு. எனக்கு ஒரே பெருமை. அப்பா மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, ஏதோ முனகிவிட்டு நடப்பார். அதையே இன்று ஒரு இயந்திரம் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை சொல்கிறதே என்று நண்பர்களிடமெல்லாம் காட்டினேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் நிலம் ஒரே துண்டு அல்ல. அரசலாற்றங்கரையை ஒட்டி மணற்பாங்காக இரண்டு மா; கூப்பிடு தூரத்தில் கட்டிக் களியாக நான்கு மா. மேலே உள்ளதில் பாய்ச்சிய தண்ணீர் நிற்காது. கீழே உள்ளதில் இறங்கினால் வைத்த கால் வராது. பள்ளிக்கூடத்துப் பையன்கூட இரண்டும் வேறு மண் என்று சொல்லிவிடுவான். அட்டையிலோ இரண்டு துண்டுக்கும் அதே எண்கள், கடைசி இலக்கம்கூட மாறாமல்.

இதில் யாரும் மோசடி செய்யவில்லை. திட்டமே அப்படி அமைந்தது. 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானில் உள்ள சூரத்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் இது. 2015-16 கணக்குப்படி நம் நாட்டில் 14 கோடிக்கு மேல் நிலவுடைமைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மண் எடுப்பதென்றால் நடக்கிற காரியமா? ஆகவே நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். பாசன நிலமானால் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியானால் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. இரண்டரை ஹெக்டேர் என்பது ஏறக்குறைய ஒரு வேலி. அந்த வேலிக்குள் யார் யார் நிலம் வருகிறதோ அத்தனை பேருக்கும் ஒரே முடிவை அச்சடித்துக் கொடுத்தார்கள். என் ஆற்றங்கரை மண்ணும் என் களிமண்ணும் ஒரே கட்டத்துக்குள் மாட்டிக்கொண்டன. மண் எந்த வயலிலிருந்து எடுக்கப்பட்டதோ, அது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இதைச் சொன்னால் சில நண்பர்கள், "அதெல்லாம் பழைய கதை சார், இனிமேல் எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்கிறார்கள். அந்த ஆட்டோமேட்டிக் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். நான் இயந்திரத்துக்கு எதிரி அல்ல.

மண் பரிசோதனையைத் தானியங்கியாக்கிய கருவியின் பூர்வீகம் வயல் அல்ல, ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த லெனார்டு ஸ்கெக்ஸ் என்பவர், குவிந்து கிடந்த ரத்தப் பரிசோதனைகளைச் சமாளிக்க அதை உருவாக்கினார். டெக்னிகான் நிறுவனம் 1957-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை உருளைகள் அழுத்திக்கொண்டே போக, உள்ளே திரவம் ஓடுகிறது. ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் நடுவே காற்றுக் குமிழி. அந்தக் குமிழிதான் ஒன்றோடொன்று கலக்காமல் வேலி போடுகிறது. வழியில் ரசாயனம் சேர்ந்து நிறம் வருகிறது. நிறத்தின் அடர்த்தியை ஒளிமானி படிக்கிறது. கை வைக்காமல் ஒரு மணி நேரத்தில் நாற்பது, அறுபது மாதிரிகள். அது முதலில் அளந்தவற்றில் ஒன்று ரத்தத்தில் உள்ள யூரியா! நம்மவர் யூரியா மோகத்துக்கு இது ஒரு நல்ல சகுனம்தான்.

பிறகு அதே தத்துவம் மண்ணுக்கும் வந்தது. மணிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சலித்த மண்ணில் 2.5 கிராம் எடுத்து, சோடியம் பைகார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் குலுக்கி வடிகட்டவேண்டும். ஓல்சன் என்பவர் 1954-ல் வகுத்துக் கொடுத்த முறை இது. வடிநீரில் மாலிப்டேட் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் அதிகமானால் மணிச்சத்து அதிகம். ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் கண்ணாடிக் குழாயும் கையுமாக நாள் முழுவதும் செய்துவந்த இந்த வேலையை இன்று இயந்திரம் சலிக்காமல் செய்கிறது. அதற்குத் தூக்கம் வராது; காலையில் போட்ட அளவும் மாலையில் போட்ட அளவும் வேறுபடாது. இடையிடையே அளவு தெரிந்த மாதிரியை நுழைத்துத் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளவும் அதை ஏற்பாடு செய்யலாம். இவ்வளவும் உண்மை. இந்தப் பகுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் இயந்திரம் சொல்வது ஓர் எண். அந்த எண்ணுக்கு அர்த்தம் வேறு இடத்திலிருந்து வரவேண்டும். அந்த இடங்களில் ஒன்று நாம் தினமும் கடந்துபோகும் புசா ரோடுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புசா என்பது பீகாரில் உள்ள ஊர். 1905-ல் அங்கே தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934 ஜனவரி பூகம்பத்தில் கட்டடம் சேதமடைந்ததால் 1936-ல் டில்லிக்கு வந்தது, பெயரையும் கையோடு கொண்டுவந்துவிட்டது. மண்ணிலிருந்து பயிருக்குக் கிடைக்கக்கூடிய தழைச்சத்தை அளக்க இந்தியா முழுவதும் இன்றும் கையாளும் பெர்மாங்கனேட் முறையை 1956-ல் வெளியிட்டவர்கள் இங்கே பணியாற்றிய சுப்பையாவும் அசிஜாவும். 1967-ல் ராமமூர்த்தியும் அவர் கூட்டாளிகளும் இன்னொரு காரியம் செய்தார்கள். ஒரு குவிண்டால் தானியம் விளைய எவ்வளவு சத்து வேண்டும், அதில் மண் எவ்வளவு கொடுக்கும், போடும் உரத்தில் எவ்வளவு பயிருக்குப் போய்ச்சேரும் என்று வயலில் வளர்த்துப் பார்த்துக் கணக்கிட்டார்கள். எவ்வளவு விளைச்சல் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, மண்ணின் கையிருப்பைக் கழித்து, மீதியை மட்டும் உரமாகப் போடும் வழி அப்படிப் பிறந்தது. நம் வீட்டில் மாதச் சாமான் பட்டியல் போடுவதற்கு முன் டப்பாக்களைத் திறந்து பார்ப்பதில்லையா, அதே கணக்கு.

இதில் கவனிக்கவேண்டியது, இந்தக் கணக்கு ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. ஒவ்வொரு மண் வகைக்கும் ஒவ்வொரு பயிருக்கும் வயலில் பாத்தி கட்டி, உரத்தைக் கூட்டியும் குறைத்தும் போட்டு, அறுத்து, தூற்றி, நிறுத்துப் பார்த்துப் பிறந்தது. அந்த உழைப்பு நின்றுபோனால் இயந்திரம் கொடுக்கும் எண் வெறும் எண்தான். மணிச்சத்து ஹெக்டேருக்கு 20 கிலோ என்றால் அது போதுமா போதாதா என்பதை இயந்திரம் அறியாது. நெல்லைக் கேட்கவேண்டும், அதுவும் நம் ஊர் மண்ணில் நிற்கும் நெல்லை.

நெல் என்றதும் இன்னொன்று. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் மண்ணை நிழலில் உலர்த்திச் சலித்து அனுப்புகிறோம். நெல்லோ தண்ணீரில் நிற்கிறது. மண்ணில் தண்ணீர் கட்டினால் உள்ளே காற்று போய்விடும். மண்ணின் ரசாயனமே மாறிவிடும். மணிச்சத்தும் இரும்பும் கூடுதலாக வெளிப்படும், துத்தநாகம் குறையும். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இலங்கை விஞ்ஞானி பொன்னம்பெரும 1972-லேயே இதை விரிவாக எழுதிவைத்தார். துத்தநாகக் குறைவு விளையாட்டு அல்ல. பந்த்நகர் தராய்ப் பகுதியில் நெல் இலையில் துருப்பிடித்தாற்போல் புள்ளி விழுந்து பயிர் குன்றியபோது, நோய் என்று நினைத்தார்கள்; துத்தநாகம் இல்லாமைதான் காரணம் என்று 1966-ல் நெனே என்பவர் காட்டினார். உலர்ந்த மண்ணில் அளந்த எண்ணை நீர் நிற்கும் வயலுக்குப் பொருத்துவது நல்ல அனுபவஸ்தர் செய்யவேண்டிய வேலை. அந்த அனுபவஸ்தரின் சம்பளத்தைத் திட்ட மதிப்பீட்டில் தேடிப் பாருங்கள்.

சரி, இயந்திரத்துக்கு முன்னால் என்ன நடக்கிறது? ஒரு ஏக்கர் நிலத்தின் மேல்மண், உழவு ஆழமான 15 சென்டிமீட்டர் வரை, சுமார் 900 டன் எடை. அதிலிருந்து அரைக் கிலோ மண் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. அந்த அரைக் கிலோவிலிருந்து மணிச்சத்துக்கு இரண்டரை கிராம். அங்ககக் கரிமத்துக்கு ஒரு கிராம் அல்லது அதிலும் குறைவு. ஒரு சிட்டிகை மண் 900 டன்னுக்காகப் பேசுகிறது. கட்டம் கட்டும் முறையில் ஐயாயிரம் டன்னுக்கு மேல். அந்தச் சிட்டிகை எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வரப்போரத்தில் எடுத்திருந்தால், எருக்குப்பை கொட்டிய இடத்தில் எடுத்திருந்தால், மர நிழலில் எடுத்திருந்தால், போன வாரம் உரம் போட்ட வயலில் எடுத்திருந்தால், உலகத்திலேயே விலை உயர்ந்த கருவி மிகத் துல்லியமாகப் பொய் சொல்லும். மண்ணை யூரியாச் சாக்கில் கட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. தழைச்சத்து ஏகமாக இருக்கிறது என்று முடிவு வந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

போதாக்குறைக்கு இப்போது வாட்ஸ்அப்பில் விளம்பரங்கள் வருகின்றன. மூன்று கம்பிகளை மண்ணில் குத்தினால் அரை நிமிடத்தில் தழை, மணி, சாம்பல் மூன்றையும் சொல்லிவிடுமாம். மலிவான இந்தக் கருவிகள் உண்மையில் அளப்பது மண்ணில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதைத்தான். உப்புத் தண்ணீர் பாய்ந்த தரிசிலும் நன்றாக ஓடும். அந்த ஒரு அளவை மூன்றாகப் பிரித்துத் திரையில் காட்டுகிறது. வாங்கி ஊருக்கு அனுப்பலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தப் பணத்துக்குக் குத்தகைக்காரருக்கு ஒரு நல்ல வேட்டி வாங்கி அனுப்புங்கள் என்றேன். புசாவிலேயே உருவாக்கிய மண் பரிசோதனைக் கருவி ஒன்று இருக்கிறது. போபால் மண் அறிவியல் நிலையம் உருவாக்கிய மிருதாபரீக்ஷக் இருக்கிறது. அவை ரசாயனம் கலந்து முறையாகச் சோதிப்பவை, ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவற்றுக்கும் பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டும். அடிக்கடி மாற்றல் ஆகாத ஆள்.

என் கருத்து இதுதான். அரசாங்கம் மண் பரிசோதனையில் செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு இயந்திரத்துக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள மனிதர்களுக்குப் போகவேண்டும். மண் எடுக்கப் பழகிய இளைஞர்கள் ஊருக்கு இரண்டு பேர், உள்ளூர் வயலில் பாத்தி கட்டிப் பார்க்க ஒரு ஆராய்ச்சியாளர், முடிவைப் படித்துச் சொல்ல ஒரு அலுவலர். கருவி வாங்கினால் திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு, போட்டோ உண்டு. மண்ணெடுக்கச் சொல்லிக்கொடுத்தால் யார் ரிப்பன் வெட்டுவார்கள்? மண் எடுக்கும் இடத்தைக் கைப்பேசிச் செயலியில் இடக்குறிப்போடு பதியும் ஏற்பாடு இப்போது வந்திருப்பது நல்ல காரியம். மாதிரி வயலிலிருந்துதான் வந்தது, அலுவலக வாசலிலிருந்து வரவில்லை என்பதற்காவது அது சாட்சி.

அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வது சுலபம். அந்த அட்டை விஷயமாக நான் ஊருக்குப் போனபோது குத்தகைக்காரரிடம், "அண்ணே, அட்டையில் சொன்னபடி உரம் போடுறீங்களா?" என்று கேட்டேன்.

"எந்த அட்டை தம்பி?"

"மண்ணை டெஸ்ட் பண்ணிக் கொடுத்தாங்களே."

"அது உங்க பேருக்குல்ல வந்துச்சு. எங்கிட்ட யாரு காட்டுனா?"

சித்தப்பா மகன் வீட்டு மேஜை டிராயரில், மின்சார ரசீதுகளுக்கு நடுவே இருந்தது அட்டை. பட்டா யார் பெயரிலோ அட்டை அவர் பெயரில். வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. உரம் போடாத எனக்குச் சிபாரிசு வந்தது. உரம் போடுகிறவருக்கு வரவில்லை. படம் பிடித்து நண்பர்களுக்கெல்லாம் காட்டிய எனக்கு, அவருக்கு ஒரு பிரதி அனுப்பத் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அட்டையைப் படித்துக் காட்டினேன். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் என்று போட்டிருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஜிங்க் போட்டா ரெண்டு மூணு போகத்துக்கு நிக்கும்னு சொல்றாங்க. அடுத்த போகம் நான்தான் வைப்பேன்னு என்ன நிச்சயம் தம்பி? நிலத்தை விக்கப்போறீங்கன்னு பேசிக்கிறாங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அப்படி ஒரு யோசனை எங்கள் வீட்டில் இருந்தது உண்மை.

யோசித்துப் பாருங்கள். 2024-ல் 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள். 50 கிலோ டி.ஏ.பி. 1350 ரூபாய். யூரியா தூவினால் பத்து நாளில் பயிர் கரும்பச்சையாக எழுந்து நிற்கும். அந்தப் போகத்திலேயே கணக்குத் தீர்ந்துவிடும். துத்தநாகமும் தக்கைப்பூண்டும் அப்படி அல்ல. தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவேண்டும். ஒன்றரை மாதம், தண்ணீர், விதைச் செலவு, உழவுக் கூலி. பலன் மெதுவாக, வருடக்கணக்கில். அடுத்த வருடம் தன்னுடையதா என்று தெரியாதவர் எதைப் போடுவார்? அவர் அறியாமையால் யூரியா போடவில்லை. நம்மால் போடுகிறார். டில்லியிலும் மும்பையிலும் உட்கார்ந்துகொண்டு, இயற்கை விவசாயம் பற்றிய செய்திகளைக் காலையில் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, மாசியில் குத்தகை பாக்கிக்குப் போன் செய்கிறவர்கள் நாம்.

ஆகவே நானாக ஒரு ஏற்பாட்டுக்கு வந்தேன். நிலத்தின் உடம்புக்கு ஆகிற செலவு, அதாவது மண் பரிசோதனை, துத்தநாகம், பசுந்தாள் விதை, அதை மடக்கும் உழவு, எல்லாம் என்னுடையது. அந்தந்தப் போகத்துச் செலவு அவருடையது. ஐந்து வருடத்துக்கு அவரைத் தவிர வேறு யாருக்கும் விடுவதில்லை, விற்பதுமில்லை என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் முதலில் எதிர்ப்பு இருந்தது. "எழுதிக் கொடுத்துட்டா நிலமே போயிடும்" என்று என் மைத்துனர் டெலிபோனில் அரை மணி நேரம் பயமுறுத்தினார். எழுதாமல் வைத்திருந்தால் மண் போய்விடும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் சட்டச் சிக்கல் வேறுபடும், தெரிந்தவரைக் கலந்துகொண்டு செய்யுங்கள். ஆனால் ஏதாவது செய்யுங்கள்.

மண் எடுப்பதற்கு நமக்கு ஒரு வசதி உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டு நாம் ரயிலேறும் மே, ஜூன்தான் டெல்டாவின் பல வயல்கள் அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் காலம், மண் எடுக்கத் தோதான காலம். ஒரு மண்வெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு துணிப்பை போதும். துருப்பிடித்த மண்வெட்டியும் இரும்பு வாளியும் வேண்டாம். துரு உதிர்ந்தால் நுண்ணூட்ட அளவு கெட்டுவிடும். ஒரே மாதிரி இருக்கும் வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் மேல் சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' எழுத்துப் போல் அரை அடி ஆழம் வெட்டவேண்டும். வெட்டிய சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலக் கனத்துக்குச் சீவிய மண் மட்டும் வாளிக்குப் போகவேண்டும். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளவேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே. மண் மாறினால் மாதிரியும் மாறவேண்டும். பெயர், சர்வே எண், முன்பு வைத்த பயிர், அடுத்து வைக்கப்போகும் பயிர் எழுதி உள்ளே போட்டால் முடிந்தது. அரை நாள் வேலை. என் பேரன் இதை ஒரு விளையாட்டாகவே செய்தான். அவனுக்கு ஊர் பிடித்துப்போக இதுவும் ஒரு காரணம்.

இரண்டு துண்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்தோம். முடிவு வந்தது. துத்தநாகக் குறைவு ஆற்றங்கரை இரண்டு மாவில் மட்டும்தான். களியில் போதுமான அளவு இருந்தது. அதே களியில் மணிச்சத்து தேவைக்கு மேல் குவிந்து கிடந்தது. பல வருடங்களாக அடியுரமாகக் கொட்டிய டி.ஏ.பி. அங்கேயே தங்கிவிட்டது. பழைய அட்டையை நம்பியிருந்தால் வேண்டாத நான்கு மாவில் துத்தநாகம் போட்டு, வேண்டாத மணிச்சத்தையும் தொடர்ந்து போட்டுக்கொண்டிருப்போம். குத்தகைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "களியில டி.ஏ.பி. வேணாம்னு எனக்குத் தோணும். கடைக்காரரு விடமாட்டாரு" என்றார்.

அந்தத் தாள் இப்போது அவர் வீட்டுத் திண்ணையில் காலண்டர் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. என்னிடம் இருப்பது நகல்.